சொந்த விதையை எடுத்துவைக்கும் உழவர் அறிய வேண்டியவை

அறுவடையில் ஒரு பங்கை அடுத்த பட்டத்துக்கு விதையாக ஒதுக்குவதும், அதைப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்து வேறொரு ரகத்தை வாங்கிக்கொள்வதும், மிஞ்சியதை விற்பதும் இந்தியாவில் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமைகள். ஆனாலும் கடையில் வாங்கிய நெல் விதையிலிருந்து வந்த விளைச்சலை மறுபடியும் விதைப்பது குற்றமோ என்ற அச்சம் பல சிறு உழவர்களிடம் இருக்கிறது. "கம்பெனி விதையை நீங்கள் எடுத்துவைக்கக் கூடாது" என்று கடைக்காரர் சொல்லி, அதை நம்பி ஆண்டுதோறும் பணம் கொடுத்து வாங்குபவர்களும் உண்டு. அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. உரிமையின் எல்லை எது, அந்த எல்லைக்குள் நின்று நல்ல விதையை எப்படி எடுத்துவைப்பது, அது தன் விதை என்பதற்கு எழுத்தில் சான்று வைத்துக்கொள்வது எப்படி என்பவை இந்த வழிகாட்டியில் விளக்கப்படுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது

அடிப்படையான சட்டம் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம். புதிய ரகத்தை உருவாக்கியவர் அதைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டால், அந்த ரகத்தின் விதையை உற்பத்தி செய்து விற்கும் தனியுரிமை அவருக்குப் பொதுப் பயிர்களில் 15 ஆண்டுகளும், மரங்களிலும் கொடிகளிலும் 18 ஆண்டுகளும் கிடைக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, இச்சட்டத்தில் வேறு எது சொல்லப்பட்டிருந்தாலும் என்ற முன்னுரையோடு, உழவரின் உரிமைகளைத் தனியே நிலைநாட்டுகிறது. பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும், அதன் விதை உட்பட தன் விளைபொருளைச் சேமிக்கவும், பயன்படுத்தவும், விதைக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. இச்சட்டம் வருவதற்கு முன் எப்படிச் செய்துவந்தாரோ அப்படியே தொடரலாம்.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை "அடையாளமிட்ட விதை"யாக விற்கக் கூடாது. பையிலோ வேறு கொள்கலனிலோ அடைத்து, அது இன்ன பாதுகாக்கப்பட்ட ரகம் என்று தெரியும்படி அட்டை ஒட்டி விற்பதையே அச்சொல் குறிக்கிறது. எனவே சாதாரணச் சாக்கில் கட்டி, தன் வயல் விதை என்று வாய்மொழியாகச் சொல்லிக் கொடுப்பதில் தவறில்லை. நிறுவனத்தின் பழைய பையிலேயே மீண்டும் நிரப்பி விற்றால் அது மீறல் ஆகும். வெறும் பைகளை வீட்டில் வேறு வேலைக்கு வைத்திருப்பவர்கள், விதை விற்கும்போது அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

இன்னொரு பாதுகாப்பும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு ரகத்துக்கு யாரோ உரிமை பெற்றிருக்கிறார் என்பதே தெரியாமல் உழவர் அதை மீறியிருந்தால், அது மீறலாகக் கருதப்படாது என்று 42ஆம் பிரிவு கூறுகிறது. இச்சட்டத்தின் கீழ் அமைந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் ஆணையத்திலோ உயர் நீதிமன்றத்திலோ நடக்கும் நடவடிக்கைகளுக்கு உழவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்று 44ஆம் பிரிவு சொல்கிறது.

இவை ஏட்டோடு நிற்கும் உரிமைகள் அல்ல என்பதற்குக் குஜராத் உருளைக்கிழங்கு வழக்கு சான்று. எஃப்.எல். 2027 என்ற சிப்ஸ் உருளைக்கிழங்கு ரகத்தைப் பதிவு செய்திருந்த பெப்சிகோ நிறுவனம், அதைத் தன் அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சாபர்காண்டா மாவட்டத்துச் சிறு உழவர்கள் மீது 2019இல் வழக்குத் தொடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு மே மாதத்தில் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் ஆணையம் அந்த ரகத்தின் பதிவையே ரத்து செய்தது. தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை 2023இல் உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தை நீக்கியது. இத்தீர்ப்பைக் கேள்விப்பட்டு, உழவர்கள் தோற்றுவிட்டார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். பதிவு செல்லுமா செல்லாதா என்பது நிறுவனத்துக்கும் ஆணையத்துக்கும் இடையிலான கேள்வி. பதிவு நிலைத்தாலும் 39ஆம் பிரிவு தரும் உரிமை அப்படியே இருக்கிறது. அச்சுறுத்தும் கடிதம் வந்தால் எதிலும் கையெழுத்திடாமல், இப்பிரிவைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் வழியாகவோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகவோ மறுமொழி அனுப்ப வேண்டும்.

உரிமை எங்கே உதவாது

வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து விதை எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பயிரின் இயல்பே தடுக்கிறது. இரண்டு வேறுபட்ட பெற்றோரைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதைதான் கடையில் கிடைக்கிறது. அதன் விளைச்சலை விதைத்தால் உயரம், வயது, காய்ப்பு எல்லாம் செடிக்குச் செடி மாறி வரும். மக்காச்சோளத்திலும் காய்கறிகளிலும் விதையை எடுத்துவைக்க விரும்புபவர் வாங்கும்போதே ஒட்டு ரகமா, சாதாரண ரகமா என்று கேட்டு, பையில் அச்சிட்டிருப்பதையும் படித்துவிட வேண்டும்.

அனுமதி பெறாத மரபணு மாற்றப் பயிர்களுக்கும் இவ்வுரிமை கவசமாகாது. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று ரகசியமாக விற்கப்படும் விதை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி சட்டவிரோதமானது. அதைச் சேமிப்பதும் விற்பதும் சிக்கலைத் தேடிக்கொள்வதாகும்.

மூன்றாவது, ஒப்பந்தச் சாகுபடி. ஒரு நிறுவனம் தன் விதையைக் கொடுத்து, விளைச்சல் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாக எழுதும் ஒப்பந்தத்தில் விதையை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். சட்டம் தந்த உரிமையை இப்படி ஒரு தாளில் எழுதிக்கொடுக்க வேண்டுமா என்பதை உழவர் கையெழுத்துக்கு முன் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் ஒப்பந்தத்தில், தமிழ்ப்படி கிடைக்கும் வரை கையெழுத்திட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

விதையைத் தேர்ந்தெடுத்தல்

பலவீனமான விதையை வைத்துக்கொண்டு உரிமை பேசிப் பயனில்லை. எடுத்துவைத்த விதை முளைக்காமல் போனால், அடுத்த நாளே உழவர் கடைக்குத்தான் போவார். அதனால் விதைக்கான வேலை அறுவடைக்குப் பின் அல்ல, நடவின்போதே தொடங்க வேண்டும்.

நெல்லில், நல்ல மண்ணும் வடிகாலும் உள்ள வயலின் நடுப்பகுதியில் விதைக்கென ஒரு பாத்தியை ஒதுக்க வேண்டும். பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி விட வேண்டும். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் இந்தச் சிறு இடைவெளியே போதும். காற்றால் வரும் மகரந்தத்தைக் காட்டிலும், போன பட்டத்தில் உதிர்ந்து தானாக முளைத்த நெல்லும், நாற்றங்காலில் கலந்த விதையும், கதிரடிக்கும் இயந்திரத்தில் தங்கிய மணிகளும்தான் ரகத்தைக் கெடுக்கின்றன. விதைப்பாத்தியைக் கையால் அறுத்து, கல்லில் அடித்து எடுப்பவர்களின் விதை பல ஆண்டுகள் கலப்பில்லாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

கலவன், அதாவது பாத்தியில் கலந்து நிற்கும் வேறு ரகச் செடிகளை, எடுப்பதில் பூக்கும் தருணம் மிக முக்கியமானது. காலை வெயில் ஏறுமுன் பாத்திக்குள் நடந்து, கண்ணோட்டத்தைப் பயிரின் நுனிமட்டத்தில் வைத்துப் பார்த்தால், மற்றவற்றுக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் தூர்களும், நான்கைந்து நாள் முந்திக் கதிர் தள்ளியவையும் உடனே தெரியும். பிறகு குனிந்து கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா, தண்டின் அடியில் ஊதா நிறம் ஓடுகிறதா, மணியின் நுனியில் மீசை உண்டா என்று பார்த்து, மாறுபட்டதை வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போட வேண்டும். கதிரை மட்டும் ஒடித்தால் அதே தூரிலிருந்து மறுகதிர் வந்துவிடும். மணி பழுத்த பின் நிறத்தைப் பார்த்து இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் போன்ற மரபு ரகங்கள் ஆராய்ச்சி நிலைய ரகங்களைப்போல் அச்சில் வார்த்தவை அல்ல. அவற்றுக்குள்ளேயே சிறு வேறுபாடுகள் இருப்பதுதான் வறட்சியிலும் வெள்ளத்திலும் ஏதாவது ஒரு பங்கு தப்பிப் பிழைக்க உதவுகிறது. வேறு ரகம் என்று தெளிவாகத் தெரிவதை மட்டும் நீக்கிவிட்டு, ஒரே செழிப்பான தூரிலிருந்து எடுக்காமல் பாத்தி முழுவதிலுமிருந்து பல தூர்களின் கதிர்களைச் சேர்க்க வேண்டும்.

அயல்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களுக்குக் கணக்கு வேறு. கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அடுத்த ரகத்திலிருந்து குறைந்தது 200 மீட்டராவது வேண்டும். அவ்வளவு நிலம் இல்லாத சிறு உழவர் பூக்கும் காலம் ஒன்றாக வராதபடி விதைப்பைத் தள்ளிப்போடலாம். இப்பயிர்களில் நாலைந்து செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்தால் சில தலைமுறைகளில் வீரியம் குன்றிவிடும்; ஐம்பது, நூறு செடிகளிலிருந்தாவது எடுக்க வேண்டும். பூசணியில் முதல் நாள் மாலையே மறுநாள் மலரவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவைத்து, விடியற்காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மீண்டும் கட்டிவிட்டால் கொல்லையில் வேறு பூசணி இருந்தாலும் ரகம் கலக்காது. கத்தரிக்காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு விதை எடுக்க வேண்டும். தக்காளிச் சாற்றை ஓரிரு நாள் புளிக்கவைத்து அலசினால் விதையைச் சுற்றிய வழவழப்பு நீங்கும்.

காய்ச்சலும் சேமிப்பும்

விதையின் ஆயுளை முடிவு செய்வது ஈரப்பதம். ஈரப்பதத்தில் ஒரு விழுக்காடு குறைந்தால் சேமிப்பு ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலின் பழைய விதி. நெல்லை 13 விழுக்காட்டுக்கும் பயறு வகைகளை 9 விழுக்காட்டுக்கும் குறைத்தால் போதுமானது. கருவி இல்லாதவர் பல்லால் கடித்துப் பார்க்கலாம். நசுங்காமல் "டக்" என்று உடைய வேண்டும். காலை வெயிலிலும் பிற்பகல் தணிந்த வெயிலிலும் காயவைத்து, உச்சி வெயிலில் கூட்டி மூடிவிட வேண்டும். தார்ச்சாலையின் சூடு கருவைக் கொன்றுவிடும். காய்ந்த விதையைச் சூடு ஆறிய பிறகே கட்ட வேண்டும், இல்லையெனில் சாக்குக்குள் வேர்த்து பூசணம் பிடிக்கும்.

வைக்கோலைப் பிரியாகச் சுற்றி விதைநெல்லை உள்ளே வைத்து இறுக்கிக் கட்டிச் சாணம் மெழுகும் விதைக்கோட்டை இன்றும் நன்றாகப் பயன்படும் முறைதான். சாக்கில் வைப்பவர்கள் புதிய சாக்கைப் பயன்படுத்தி, தரையில் படாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். காய்ந்த வேப்பிலை, நொச்சியிலை கலப்பது அந்துப்பூச்சியைத் தடுக்கும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தால் வண்டு எளிதில் துளைக்காது.

விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாக முளைப்புச் சோதனை அவசியம். சாக்கின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, எண்ணி 100 விதைகளை ஈரச் சாக்குத் துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். நான்கு சுருள் வைத்துச் சராசரி பார்த்தால் கணக்கு நம்பத் தக்கதாக இருக்கும். சான்று விதைக்கு நெல்லில் 80 விழுக்காடு முளைப்பு வேண்டும். சொந்த விதைக்கும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். 70 வந்தால் விதை அளவைக் கூட்டி விதைக்கலாம். சில சம்பா ரகங்களில் அறுத்த சில வாரங்கள் வரை உறக்கம் இருக்கும் என்பதால், புது நெல் முளைக்கவில்லை என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாது. விதைக்கும் நாளில், முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பிட்ட நீரில் விதையைக் கொட்டி, மேலே மிதக்கும் பதரை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசி எடுக்க வேண்டும்.

எழுதிவைத்தல், பதிவு செய்தல்

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்து உழவர் தாதாஜி கோப்ரகடே 1983இல் தன் வயலில் மாறுபட்டு நின்ற சில கதிர்களைத் தனியே எடுத்து, ஆண்டுக்காண்டு பெருக்கி, எச்.எம்.டி. என்ற புகழ்பெற்ற நெல் ரகத்தை உருவாக்கினார். அவர் கொடுத்த விதையைக் கொண்டு ஒரு வேளாண் பல்கலைக்கழகம் தன் பெயரைச் சேர்த்து ரகத்தை வெளியிட்டது. அந்த நெல் பல மாநிலங்களில் பரவியது. அதை உருவாக்கியவர் 2018இல் மறையும்வரை வறுமையிலேயே இருந்தார். விதையை வெளியாருக்குக் கொடுக்கும்போது எழுத்து ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு தடித்த குறிப்பேடு போதும். ரகத்தின் ஊர்ப்பெயர், யாரிடமிருந்து எப்போது வந்தது, எந்த மண், எந்தப் பட்டம், நட்ட நாள், பூத்த நாள், அறுத்த நாள், பயிரின் உயரம், மணியின் நிறம், எந்த நோயைத் தாங்கியது, எவ்வளவு விளைந்தது, யாருக்கு எத்தனை கிலோ கொடுத்தோம் என்பவற்றை ஒவ்வொரு பட்டத்திலும் எழுத வேண்டும். ஐந்தாறு கதிர்களைக் கட்டிச் சீட்டோடு உலர்த்தி வைப்பதும், கைப்பேசியில் பயிரைப் படமெடுப்பதும் பின்னாளில் உதவும். ஆராய்ச்சி நிலையமோ நிறுவனமோ விதை கேட்டால், எதற்காக என்பதையும், புதிய ரகம் உருவானால் மூலத்தைக் குறிப்பிடுவோம் என்பதையும் எழுதி வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

அடுத்த படி ஊராட்சி. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பேண வேண்டும். அந்தப் பதிவேட்டில் தங்கள் ரகத்தின் பெயரும் விவரமும் ஏற வேண்டும் என்று கிராம சபையில் கேட்டு, தீர்மானத்தில் எழுதவைப்பது செலவில்லாத, வலுவான சான்று.

ரகம் தனித்தன்மை உடையது, வேறொருவர் உரிமை கோரிவிடலாம் என்று தோன்றினால் புது தில்லியில் உள்ள பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் ஆணையத்தில் "உழவர் ரகம்" என்று பதிவு செய்யலாம். உழவர்கள் தங்கள் வயலில் வழிவழியாகப் பயிரிட்டு உருவாக்கியதும், அவர்கள் பொதுவாக அறிந்திருக்கும் நாட்டு ரகமும் இவ்வகையில் சேரும். புதிய ரகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மற்றவற்றிலிருந்து வேறுபட்டதாகவும், ஒருசீராகவும், நிலையாகவும் இருந்தால் போதும். கட்டணம் இல்லை. வேளாண் அறிவியல் நிலையத்தார் விண்ணப்பத்தை நிரப்ப உதவுவார்கள். பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் சான்று இவ்விண்ணப்பத்துக்கும் பயன்படும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஆணையத்தின் இதழில் விளம்பரம் வரும். மூன்று மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நம் ஊர் ரகத்தை வேறொருவர் பதிவு செய்ய முயன்றால் அதைத் தடுக்கும் வழியும் இதே மூன்று மாதம்தான்.

ஊரே பேணிவந்த ரகத்தை ஒருவர் மட்டும் தன் பெயரில் பதிவு செய்வதை நான் நேர்மையாகக் கருதவில்லை. குழுவாகவும் சமூகமாகவும் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தரும்போது அந்த வழியையே எடுக்க வேண்டும். சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் பதிவு தேவையே இல்லை என்பதையும் இங்கே மறுபடி சொல்ல வேண்டும்.

பரிமாற்றமும் விற்பனையும்

1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் விற்பனைக்குத் தர நிபந்தனைகள் விதித்தாலும், தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே, விதைக்கப்போகும் மற்றொருவருக்கு நேரடியாக விற்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதன் 24ஆம் பிரிவு விலக்களிக்கிறது. கடை வைத்தோ, பலரிடம் வாங்கிச் சேர்த்தோ விற்றால் அது வணிகமாகும். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விதை விற்பனையில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு புதிய விதை மசோதாவின் வரைவை வெளியிட்டது. அதுபோன்ற வரைவுகள் வரும்போது, உழவருக்கான விலக்கு எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

காசில்லாத பரிமாற்றத்துக்குத் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழா நல்ல முன்மாதிரி. மரபு நெல் ரகங்களை மீட்டுப் பரப்பி, 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் அங்கே 2 கிலோ விதைநெல்லைக் கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். கூடுதலாக வரும் விதை புதிய உழவருக்குப் போவதால், ஒரு ரகம் ஒரே வயலில் அழிந்தாலும் ஊரில் அழியாது.

இதை எந்தக் கிராமத்திலும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கலாம். யாரிடம் எந்த ரகம் என்று ஒரு பொதுப் பேரேடு, திருப்பித் தரும்போது முளைப்புச் சோதனை, ஒரு ரகத்துக்குக் குறைந்தது மூன்று வீடுகளில் இருப்பு என்ற மூன்று ஒழுங்குகள் போதும். விதை வங்கி என்பதைக் கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய அலமாரியாக எண்ணி, ஆண்டுக்கணக்கில் வயலில் இறக்காமல் காட்சிக்கு வைப்பதால் பல நல்ல முயற்சிகள் வீணாகின்றன; சாதாரண அறை வெப்பத்தில் நெல் விதை ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் நம்பத் தக்கதாக இராது. ஆகவே ஒவ்வொரு ரகத்தையும் யாராவது ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை சில சென்ட் நிலத்திலாவது நட வேண்டும். யார் எதை நடுகிறார் என்பதைப் பட்டம் தொடங்குமுன் கூடிப் பேசி, பேரேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.